வெள்ளிக்கிழமை சைரன்

நிஷாவின் அலுவலகத்தில் சிவப்புத் தோல் துண்டு ஒன்றுதான் இருந்தது. பழுப்பில் இருபது, கறுப்பில் பத்துப் பன்னிரண்டு. எல்லாம் தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து சாம்பிள் அட்டையோடு வந்தவை, தீப்பெட்டி அளவு. வேலைகளை எழுதிய பலகையில் அவற்றைக் குண்டூசியால் குத்தி வைப்பாள். கறுப்பு என்றால் பிறகு பார்க்கலாம். பழுப்பு என்றால் இந்த மாதம். சிவப்பு என்றால் இப்போதே, கையில் இருப்பதை வைத்துவிட்டு. ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குச் சிவப்பு கிடையாது என்பது அவள் போட்ட விதி.

"இன்னொரு செவப்பு வேணும்னா சொல்லுங்கக்கா, எங்கப்பா செருப்புல ஒரு துண்டு வெட்டினு வர்றேன்" என்பான் கௌதம். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். ஆறு பேர் கொண்ட அந்தக் குழுவில் அனுபவம் அவனுக்குத்தான் அதிகம். நக்கலும்.

"செருப்பு வேணாம். அந்த ஏழாவத முடி, அது போதும்."

"ஏழாவதுக்கு நீங்க குத்தி வெச்சிருக்கறது கறுப்புக்கா."

அது உண்மை. பலகையின் ஏழாவது வரியில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: ஆம்பூர், தொட்டி வாயு, பொய் சைரன், காரணம் பார்க்க வேண்டும்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அலுவலகம். தலைமை சென்னையில். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பதினொரு தோல் தொழிற்சாலைகளுக்கு அவர்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தார்கள். எந்தத் தோல் எந்தப் பதனிடும் டிரம்மில் போனது, எத்தனை மணி நேரம் சுற்றியது, எவ்வளவு தண்ணீர் பிடித்தது எல்லாம் அதில் பதிவாகும். கழிவுநீர்த் தொட்டியின் விளிம்பில் வாயுவை அளக்கும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வாயு அளவு பத்தைத் தாண்டினால் தொழிற்சாலையில் சைரன் கத்தும். சூப்பர்வைசர் போனுக்குச் செய்தி போகும்.

நிஷா ஆம்பூர்க்காரி. அம்மா அன்னம்மாள் ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் மேல்தோல் தைத்தவள். நிஷா இன்ஜினியரிங் படித்து, சென்னையில் எட்டு வருஷம் நிரல் எழுதிவிட்டு, வேலூரில் கிளை திறந்தபோது கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். முந்தைய மேனேஜர் பெங்களூருக்குப் போன மறுநாள், சென்னையிலிருந்து மேலதிகாரி சூரியபிரகாஷ் போனில் கூப்பிட்டு, "இனிமே டீமை நீங்க பாத்துக்கங்க நிஷா" என்றார். அவளுக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

நிரலில் தப்பு இருந்தால் ஓட்டிப் பார்க்கும்போது தெரிந்துவிடும். எந்த வேலையை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதில் தப்பு செய்தால் யாரும் சொல்வதில்லை. அது எங்கோ ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மேனேஜர் ஆன இந்த இரண்டு வருஷமும் இந்தப் பயம் அவளை விடவில்லை. பல் தேய்க்கும்போது பலகை கண் முன்னால் வந்து நிற்கும். மேலிருந்து கீழே படிப்பாள். ஏதோ ஒன்று இடம் மாறி இருக்கிறது என்று தோன்றும். எது என்று தெரியாது. வாய் கொப்பளித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாள்.

ஆம்பூர் டேனரியில் பெட்டி மாட்டி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஏழு வெள்ளிக்கிழமையும் மதியத்தில் சைரன் கத்தியது. அந்த டேனரிக்கு வாராந்திர லீவு வெள்ளிக்கிழமை. டிரம் சுற்றாத நாளில் வாயு எங்கிருந்து வரும்? பெட்டிதான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

ஏழாவது வெள்ளி கழிந்த திங்கட்கிழமை நசீமுன்னிசா போன் செய்தாள். நிஷாவோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் வாழ்க்கைப்பட்ட வீடு அந்த டேனரியின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது.

"அடியே மேனேஜர், உன் சைரன் கரெக்டா ஜும்மா நேரம் பாத்து கத்துதுடி. பள்ளிவாசல் வரைக்கும் கேக்குதாம். எம் பொண்ணு காதப் பொத்தினு கட்டிலுக்கு அடியில பூந்துக்கறா. ஒரே பேஜாரா கீது."

"அது பொய் சைரன்டி. பெட்டி சரியில்ல. பாத்துட்டுதான் இருக்கோம்."

"எத்தினி நாளா பாப்பீங்க? கம்பெனியே லீவு. லீவு நாள்ல அதுக்கு இன்னா கத்தல்? நிறுத்துடி, உனக்கு துவா பண்றேன்."

அன்றைக்கே நிஷா டேனரியின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் அமீர் பாஷாவையும் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பிப் பெட்டியைப் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை வேணாம் மேடம். எங்களுக்குத்தான் லீவு, தொட்டிக்கு லீவு கெடயாது. சனிக்கிழமை அனுப்புங்க."

அவள் நோட்டில் சனிக்கிழமை என்று எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பெட்டி ஏன் கத்துகிறது என்று தெரியும்வரை லீவு நாளில் சைரனும் செய்தியும் வேண்டாம் என்று முடிவெடுத்தாள். சென்னையில் எழுதிய பழைய நிரலில் லீவு நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அன்று ஆம்பூரில் பாதி டேனரிகள் முழு வேகத்தில் ஓடும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. இது போன்ற விஷயங்களில் வேலூர் குழுவுக்கு ஒரு பெருமை உண்டு. கௌதம் சிரித்துக்கொண்டே லீவு நாளை வெள்ளிக்கிழமையாக மாற்றினான். நிஷா அந்தப் பத்து நிமிடத்துக்குச் சிவப்புத் துண்டை அந்த வேலையின் மேல் குத்தினாள்.

"மூணே வரிக்கா. முடிஞ்சுது."

அன்று மாலை பஸ்ஸில் பலகை கண் முன்னால் வரவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்த திருப்தி. ஏழாவது வரியில் கறுப்புத் துண்டு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர்களுக்கு மென்பொருளைத் திரையில் காட்ட வேண்டிய நாள். ஒரு செருப்பின் தோல் எந்த டிரம்மிலிருந்து வந்தது, அதன் கழிவு எங்கே போனது என்பது வரை அவர்கள் பார்க்க விரும்பினார்கள். மூன்று வாரமாக ஆறு பேரும் அதில்தான் இருந்தார்கள். சிவப்புத் துண்டும் அதில்தான் இருந்தது. ஒன்பது மணிக்கே சூரியபிரகாஷ் கூப்பிட்டு, "இன்னைக்கு வேற எதுவும் கிடையாது நிஷா. இது ஒண்ணுதான்" என்றார். "சரி சார்" என்றாள்.

பதினொன்றரைக்கு சௌமியா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திமிரிப் பெண். சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"அக்கா, இந்த வாயு வரைபடம் அசிங்கமா கீதுக்கா. மத்த நாளெல்லாம் தரையோட தரையாப் போவுது. வெள்ளிக்கிழமை மட்டும் கம்பம் நட்ட மாதிரி நிக்குது."

"அது பொய் சைரன். எடுத்துடு."

"ஏழும் ஒரே நேரத்துல கீதுக்கா. எல்லாமே பன்னெண்டேகாலுக்கு மேல, ஒண்ணுக்குள்ள."

"சௌமியா, இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு. எடுத்துடு."

சௌமியா எடுத்துவிட்டாள். வரைபடம் அழகாக ஆனது.

பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. சூரியபிரகாஷ் சென்னையிலிருந்து பேசினார், நிஷா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். எல்லாம் ஓடியது. வாயு வரைபடம் வந்தபோது, திரையில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாரத்தில் ஒரு நாள் கோடே இல்லையே, ஏன் என்று கேட்டாள்.

அது தொழிற்சாலைக்கு லீவு நாள், அன்றைக்கு அங்கே எந்த வேலையும் நடக்காது என்றார் சூரியபிரகாஷ்.

அந்த வாக்கியத்தில் நிஷா நின்றுவிட்டாள். திங்கட்கிழமை அமீர் பாஷா சொன்னது நினைவுக்கு வந்தது. எங்களுக்குத்தான் லீவு, தொட்டிக்கு லீவு கெடயாது.

டிரம் சுற்றினால் தொட்டிக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இறங்கிச் சேறு அள்ள முடியாது. ஆகவே லீவு நாளில்தான் அள்ளுவார்கள். கோல் விட்டுக் கலக்கினால் அடியில் இருக்கும் வாயு மேலே வரும். ஏழு வெள்ளிக்கிழமையும் சைரன் பொய் சொல்லவில்லை. அது கத்தியபோது ஆட்கள் தள்ளி நின்றிருப்பார்கள். ஓய்ந்த பிறகு இறங்கியிருப்பார்கள். இன்றைக்கு அது கத்தாது. கத்தாவிட்டால் அவர்களுக்கு அர்த்தம், இறங்கலாம் என்பது.

பெட்டி வாங்கியபோது அதனோடு வந்த சின்னப் புத்தகத்தை அவள்தான் படித்தாள். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இன்னும் அதிகமானால் நாற்றமே தெரியாது, மூக்கு செத்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது.

மணி பன்னிரண்டு பதினாறு. வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. திறக்கவில்லை. மூன்று வாரம், ஆறு பேர், திரையில் சூரியபிரகாஷின் சிரித்த முகம். ஒருவேளை இன்று அள்ளவில்லையோ என்னவோ. ஒரு போன் செய்து கேட்டுவிட்டு அப்புறம். அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டு அப்புறம். திருப்பவும் செய்தாள்.

பிறகு எழுந்து பலகைக்குப் போய்ச் சிவப்புத் துண்டைப் பிடுங்கினாள். குண்டூசி எங்கோ தெறித்தது.

"சார், இங்க ஒரு அவசரம். நிறுத்திக்கறோம்."

"நிஷா? அஞ்சே நிமிஷம், முடிச்சிட்டு..."

"முடியாது சார்." மடிக்கணினியை மூடினாள். அவள் யார் முகத்துக்கு எதிரேயும் அப்படி மூடியதில்லை.

அறையில் ஐந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொல்ல நான்கு வாக்கியம் ஆனது. கௌதம் தன் இடத்துக்கு ஓடினான்.

"செவ்வாய்க்கிழமை போட்டத எடு கௌதம்."

"எடுக்கறேன். ஆனா போதாதுக்கா. அந்தப் பெட்டி அளவ உடனுக்குடனே அனுப்பும், ஆனா நம்மகிட்ட புதுசா எதனா இருக்கான்னு அரை மணிக்கு ஒருவாட்டிதான் கேக்கும். பன்னெண்டு பத்துக்குக் கேட்டுட்டுப் போய்டுச்சு. இனிமே பன்னெண்டு நாப்பது."

"எடு. சௌமியா, தொட்டியில இப்ப எவ்வளவு காட்டுதுன்னு பாரு. மாற மாற உரக்கச் சொல்லு."

"மூணுக்கா."

அமீர் பாஷாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தொழுகை நேரம். டேனரி ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. லீவு நாளில் அதை எடுக்க யார் இருக்கிறார்கள்? ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர்.

"ஏழு" என்றாள் சௌமியா. "ஒம்போது. அக்கா, பதினாலு."

கலக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நிஷா நசீமுன்னிசாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி, இன்னிக்கி சத்தமே காணோம்னு இப்பத்தான் நெனச்சேன். ஷுக்ரியா மேனேஜர் அம்மா."

"நசீமா, மாடிக்கு ஏறு. இப்பவே."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்டி."

"பால் பொங்கினா பொங்கட்டும். ஏறுடி."

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம். கதவுத் தாழ்.

"ஏறிட்டேன். இன்னா பாக்கணும்?"

"டேனரி தொட்டி தெரியுதா? ஆளுங்க இருக்காங்களா?"

"மூணு பேரு கீறாங்க. ஒருத்தன் கோல வெச்சினு நிக்கறான். இன்னொருத்தன் கயிறு புடிச்சினு கீறான். ஒருத்தன் ஏணில எறங்கறான்."

"எறங்கக் கூடாது. கத்து. மேல ஏறச் சொல்லு. உள்ள விஷ வாயு."

"இருபத்தாறு" என்றாள் சௌமியா. பெட்டி விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் இருபத்தாறு என்றால் கீழே எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு வருஷமாகத் துணி காயப்போட மட்டும் அந்த மாடிக்கு ஏறியவள் நசீமுன்னிசா. பக்கத்து டேனரி ஆண்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். போனில் அவள் குரல் முதலில் தயங்கி, பிறகு உடைந்து கிளம்பியது. "ஏய்! ஏறு! மேல ஏறுப்பா!"

நிஷா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கையாட்டறானுங்கடி. நான் இன்னாவோ சண்டை போடறேன்னு நெனச்சினு சிரிக்கறானுங்க."

"அவன் எங்க?"

"தலை மட்டும் தெரியுது. இப்ப தெரியல."

"முப்பத்தொம்போது" என்றாள் சௌமியா.

"சைரன் கெட்டுப்போச்சுன்னு சொல்லு நசீமா. சைரன்!"

"சைரன் கெட்டுப்போச்சு! கேஸு! கேஸு! இழுங்கடா அவன!"

எதையோ தூக்கி எறிந்த சத்தம், தகரத்தில் மோதி உருளும் சத்தம். பக்கெட் என்று பிறகு சொன்னாள். அது தொட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்ததாம். அதன் பிறகுதான் அவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

"இழுக்கறாங்க. கயித்த இழுக்கறாங்கடி."

"ஏறிட்டானா?"

போனில் காற்று மட்டும் கேட்டது. கௌதம் விரல்களை விசைகள் மேல் வைத்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலை முடிந்துவிட்டது. இனி அந்தப் பெட்டி வந்து கேட்க வேண்டும்.

"நசீமா."

"ஏத்திட்டாங்க. கீழ உக்காந்துட்டான். தலையப் புடிச்சினு கீறான். வாந்தி எடுக்கறான்டி."

"மூச்சு?"

"வாந்தி எடுக்கறவனுக்கு மூச்சு இல்லாமயா?"

மணி பன்னிரண்டு இருபத்தொன்பது. இன்னும் பதினொரு நிமிடம் யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு, போனுக்குள்ளிருந்து அது கிளம்பியது. வேலூரில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இப்பக் கத்துது பாரு உன் சைரன்" என்றாள் நசீமுன்னிசா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

இறங்கியவன் பெயர் இன்பராஜ். கான்டிராக்ட் ஆள். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஏணியில் ஆறாவது படி வரைதான் போயிருந்தான். இன்னும் நான்கு படி பாக்கி இருந்தது.

தொழுகை முடிந்து அமீர் பாஷா கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"போகும்போது போனப் பாத்தேன் மேடம். மெசேஜ் இல்ல. சுத்தமா இருக்கு, வேலையப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போனேன். மெசேஜ் வரலன்னா பயமில்லன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

அவள்தான் சொன்னாள். பெட்டி மாட்டிய அன்று, தொட்டியின் பக்கத்தில் நின்று.

நான்கு மணிக்கு சூரியபிரகாஷ் கூப்பிட்டார். ஷூ கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறம் கேட்டார்.

"சைரனை நிறுத்தச் சொன்னது யாரு?"

கௌதம் தலை தூக்கினான். அந்த மூன்று வரியின் பக்கத்தில் அவன் பெயர் இருக்கிறது. யார் தேடினாலும் கிடைக்கும்.

"நான் சார்."

"எதுக்கு நிஷா?"

கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்ட குழந்தையைச் சொல்லலாம். எல்லோரும் பொய் சைரன் என்று நினைத்ததைச் சொல்லலாம்.

"காரணம் பாக்கறத ஏழாவதா வெச்சிருந்தேன் சார். சத்தத்த நிறுத்தறத முதல்ல வெச்சேன்."

"திங்கட்கிழமை சென்னைக்கு வாங்க. நேர்ல பேசலாம்" என்றார்.

போனை வைத்ததும் கௌதம் வந்து நின்றான். "எழுதினவன் நான்க்கா."

"எழுதச் சொன்னவ நான். ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்பு."

அவன் போகவில்லை. ஆறு மணி ரயிலையும் விட்டுவிட்டான்.

சென்னையில் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஒரு வழியாக முடிந்திருக்கும். பதினொரு தொழிற்சாலைக்கும் அவளே நேரில் போய், லீவு நாளில் என்னென்ன வேலை நடக்கும் என்று ஆட்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். போனாள். ஒவ்வொரு இடத்திலும் தன் குழுவுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. இனி எந்தத் தொழிற்சாலையிலும் எந்த நாளுக்கும் சைரனை நிறுத்துவதில்லை என்று பலகையின் தலையில் எழுதினாள். பொய்யோ மெய்யோ, கத்தட்டும்.

ஆம்பூர் டேனரியில் ஆள் இறங்குவதில்லை, சேறு உறிஞ்ச வண்டி வருகிறது என்றார் அமீர் பாஷா.

"எல்லா வெள்ளிக்கிழமையும் வருதா?"

"பெரும்பாலும் வருது மேடம்."

அந்தப் பெரும்பாலும் என்ற சொல் பல் தேய்க்கும்போது வந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் நசீமுன்னிசாவைக் கூப்பிடுகிறாள். நான்கு மாதமாக இதுதான் வழக்கம். அந்த நேரத்துக்கு அலுவலகத்தில் யாரும் மீட்டிங் வைப்பதில்லை.

"கத்துதா?"

"கத்துதுடி. காது போவுது. வண்டி வந்து உறிஞ்சினு கீது. எம் பொண்ணு இப்ப பயப்படறதே இல்ல, கூடச் சேந்து கத்தறா."

"சரி."

இந்த வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு ஐம்பதுக்கு, நசீமுன்னிசா மாடியில்தான் நின்றிருந்தாள். சொல்லாமலே ஏறிவிடுகிறாள்.

"இன்னும் கத்தலடி."

"வண்டி?"

"காணோம்."

"ரெண்டு" என்றாள் சௌமியா, கேட்காமலே.

"ஆளுங்க இருக்காங்களா?"

"கேட்டாண்ட ஒருத்தன் நிக்கறான். கையில கயிறு மாதிரி கீது. சரியாத் தெரியல. வெயிலு."

நிஷா பலகையைப் பார்த்தாள். சிவப்புத் துண்டு அதில் இல்லை. அது அவள் உள்ளங்கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை.

"வெச்சிடாத நசீமா" என்றாள். "அங்கயே நில்லு."

"நிக்கறேன்டி" என்றாள் நசீமுன்னிசா. "பக்கெட்டும் எடுத்தினுதான் வந்தேன்."